பதினேழாம் பக்கம்

அத்தியாயம் 12

தன் கையெழுத்தைத் தானே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சண்முகப்பிரியாவை அப்படியே விட்டுவிட்டுப் போன வாரம் விடைபெற்றோம். அதற்குள் கொடுமுடியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டுவிட்டார். 'படிக்காமல் கையெழுத்துப் போட்டவளுக்கு நல்லா வேணும்' என்று ஒரே வரி. எனக்கும் அவள் மேல் கோபம்தான் அம்மா, என்ன செய்வது, கதை அவளுடையது.

புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. துடியலூர் தாண்டி இருக்கும் ஒரு பொறியியல் பல்கலைக்கழகத்தில் சண்முகப்பிரியா சமூகவியல் உதவிப் பேராசிரியர். கணவன் கிருபாசங்கர் அதே வளாகத்தில் மெக்கானிக்கல் பேராசிரியர். இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அவள் ஒரு வேலை கொடுத்தாள். அவரவர் ஊருக்குப் போய், யார் எதில் குடிக்கிறார்கள், யார் ஊற்றுகிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதி வர வேண்டும்.

நூற்று நாற்பது அறிக்கைகள் வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே விதி. வாழைக்காய் சீவும் வேகத்தில் போட்டாள். இனியா என்ற எலக்ட்ரானிக்ஸ் மாணவியின் அறிக்கையில் ஆங்கிலத்தில் இருந்த பதினாறு பக்கங்களைப் படித்து அசந்துபோய், ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டு, தர மதிப்பீட்டுக் குழு வரும்போது மேஜையில் வைக்கச் சொல்லி டீனுக்கும் அனுப்பினாள். தமிழில் இருந்த பின்னிணைப்பை மட்டும் படிக்கவில்லை. அதை டீன் படித்தார்.

பின்னிணைப்பு பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறது. அதில் இப்படி இருந்தது:

'தோப்பு எண் 21. ஆனைமலை அருகே. தென்னை, பதினெட்டு ஏக்கர். ஆட்கள் பதினொரு பேர். வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர். ஆட்களுக்கு முன்பு மாட்டுக்கொட்டகைச் சுவரில் செருகி வைத்த அலுமினிய டம்ளர். ஐந்து வருடங்களாகப் பேப்பர் கப். மாற்றியவர் அந்த வீட்டு மருமகள். கோவையில் கல்லூரி ஆசிரியர். சமூகவியல் கற்பிக்கிறார்.

பெண் தொழிலாளி, வயது 46, சொன்னது: முந்தி எங்களுக்குன்னு ஒரு டம்ளராச்சும் இருந்துச்சு. கழுவிக் கமுத்தி வெப்போம். இப்பக் குடிச்சதும் கசக்கி எறியச் சொல்றாங்க. சின்னம்மணி நல்லவங்கதான். அந்த டம்ளர் வேண்டாம்னாங்க. அவங்க டம்ளரைக் குடுன்னு சொல்லலை.'

இதற்குக் கீழே, பச்சை மையில், சண்முகப்பிரியாவின் கையெழுத்து.

அந்தப் பேப்பர் கப் கதையை அவள் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறாள், அதுவும் பெருமையாக. 'கல்யாணமாகி நான் போன வீட்டில் தனி டம்ளர் இருந்தது. சண்டை போட்டு ஒழித்தேன்' என்றாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இனியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தொழிலாளி பூவாத்தாளின் மகள்தான் இனியா என்பது அன்றைக்கு மேடத்துக்குத் தெரியாது.

இனி இந்த வாரத்துக்கு வருவோம்.

வியாழக்கிழமை காலை எட்டே கால். மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. கிருபாசங்கர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஏனுங்க, நீங்க ஹாரன் அடிச்சா முன்னால நிக்கற பஸ் பறந்துருமுங்களா?”

“நீ பேசாத பிரியா. ராத்திரி பூராத் தூக்கமில்லை எனக்கு. மனோஜ் அந்தப் பக்கத்தைப் போட்டோ புடிச்சு அனுப்பறான். ‘இது உங்க தோட்டமாட்ட இருக்குதேடா'ங்கறான். எனக்கு எப்படி இருக்கும்?”

மனோஜ்குமார்தான் டீன். கிருபாசங்கரோடு ஒன்றாகப் படித்தவர்.

“அவருக்கு எப்படித் தெரிஞ்சுதாம், நம்ம தோட்டம்னு?”

“போன பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுப் போனானே.”

“அவருக்கு அத்தை எதுல டீ குடுத்தாங்க?”

கிருபாசங்கர் மறுபடி ஹாரனை அழுத்தினான். அந்த நேரம் பார்த்துக் காரின் ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. ஆனைமலையிலிருந்து அவன் அம்மா நஞ்சம்மாள்; ராத்திரியே அவன் விஷயத்தைச் சொல்லியிருந்தான். எடுத்ததும் குரல் கார் முழுக்க நிறைந்தது.

“அம்மணி, கேக்குதா?”

“கேக்குதுங்க அத்தை.”

“அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப்போட்டியா?”

“இன்னும் இல்லீங்க.”

“எதுக்கு வெச்சிருக்கறே? கண்ணாடி போட்டு மாட்டோணுமா? நாம அவங்களுக்கு என்ன கண்ணு கொறை வெச்சோம்? அந்தப் புள்ளை காலேஜ் சேர்றப்பப் பேக் வாங்கிக் குடுத்ததே நானு. இருவது வருசமா உண்ட ஊட்டைப் பத்தி இப்படியா எழுதறது?”

“பூவாத்தா பொய் சொல்லலீங்களே, அத்தை.”

“பொய்யின்னு நான் சொன்னனா? ஊட்டு விசயத்தை வெளிய சொல்லலாமான்னுதான் கேக்கறேன். இருவது வருசமா அவ நம்ம ஊட்டு ஆளாட்டத்தானே இருந்தா?”

'அப்ப ஏனுங்க அத்தை அவளுக்கு நம்ம ஊட்டு டம்ளர் இல்லை?' என்ற கேள்வி சண்முகப்பிரியாவின் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. பத்து வருடமாக வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் மேடையில் நின்று பேசுகிறவள், மாமியாரிடம் ஒரு வரி கேட்க மாட்டாமல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

“சாயந்திரத்துக்குள்ள எனக்குச் சேதி வரோணும். அந்தக் காகிதம் இல்லைன்னு வரோணும். வரலைன்னா பூவாத்தாளும் அவ புருசன் ஆறுச்சாமியும் நாளைக்கு இந்தத் தோட்டத்துக்குள்ள கால் வெக்க முடியாது. அக்கம்பக்கத்துத் தோப்புலயும் சொல்லிப்போடுவேன். பொறவு நீயே வெச்சுப் படிச்சுக்க.”

போன் நின்றது. துடியலூர் சிக்னலும் பச்சையானது.

“கேட்டுக்கிட்டியா? ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம் பிரியா. எடுத்துட்டா அந்தப் பொம்பளைக்கும் நல்லது. நமக்கும் நல்லது.”

“நமக்குத்தான் மொதல்ல நல்லது. பூவாத்தாளைச் சும்மா இழுக்காதீங்க.”

“சரி, நமக்குத்தான். அதுல என்ன தப்பு? அது எங்கம்மா பிரியா.”

அவன் குரல் உடைந்திருந்தது. கெட்டவன் இல்லை கிருபாசங்கர். அம்மாவை ஊரார் ஒரு வார்த்தை சொன்னால் தாங்காதவன். அந்தப் பக்கத்தில் இருப்பது உண்மையா என்று அவன் ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் அறுபத்திரண்டு லேப் உண்டு. சமூக அறிவியல் துறைக்கு ஒரு அறை, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால். மற்றத் துறைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கதை டிபார்ட்மென்ட்'. விழா என்றால் குத்துவிளக்கு ஏற்பாடு, வரவேற்புரை, நன்றியுரை மூன்றும் இவர்கள் தலையில். சுற்றறிக்கையில் பிழை பார்ப்பதும் இவர்கள்தான். பாடம் நடத்தவும் சொல்கிறார்கள், நேரம் மிச்சம் இருந்தால்.

டீன் அறையில் ஏசி குளிர்ந்தது. மனோஜ்குமார் எழுந்து நின்று வரவேற்றார். கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதையாகப் பேசப் பேச விஷயம் மோசமாகிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

“வாங்க மேடம், உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?”

“வேண்டாமுங்க சார். சொல்லுங்க.”

“நான் என்னத்தைச் சொல்றதுங்க. மூணு மணிக்குக் குழு உங்க டிபார்ட்மென்ட்டுக்கு வருது. அந்த ரிப்போர்ட் மேஜையில இருக்கோணும், ஏன்னா லிஸ்ட் போன வாரமே போயிருச்சு. பதினேழாம் பக்கம் இருக்கக் கூடாது. அவ்வளவுதானுங்க.”

“பதினாறுக்கு அப்பறம் பதினெட்டு வந்தாக் கேக்க மாட்டாங்களா?”

“வடக்க இருந்து வர்றவங்க. தமிழ்ப் பக்கத்தை யாருங்க பொரட்டப் போறாங்க? நீங்களே பொரட்டலையே.”

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான்.

“நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டது தப்புங்க சார். அதுக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். அந்தப் பொண்ணு எழுதுனதுல என்ன தப்பு?”

மனோஜ்குமார் பேனாவை மூடி வைத்தார்.

“இங்க பாருங்க மேடம். இஞ்சினியரிங் காலேஜ்ல ஹியூமானிட்டீஸ் எதுக்குங்க வெச்சிருக்கறோம்? பசங்க இன்டர்வியூல நாலு வார்த்தை தெளிவாப் பேசோணும். நாலு பேரோட அனுசரிச்சுப் போகோணும். அதுக்குத்தானுங்க. நீங்க என்னடான்னா ஊடு ஊடாப் பூந்து டம்ளரை எண்ணிட்டு வரச் சொல்லியிருக்கறீங்க.”

“நீங்க சிவில்காரருங்க சார். ஒரு பாலத்துல விரிசல் வந்தாப் பசங்களைக் கூட்டிட்டுப் போயி அளந்து எழுதச் சொல்றீங்க. கட்டுனவரு மனசு நோகும்னு பாக்கறீங்களா?”

“விரிசலை அளக்கறதுக்கு விதிமுறை புஸ்தகம் இருக்குதுங்க மேடம்.”

“இதுக்குச் சட்டமே இருக்குதுங்க சார்.”

மனோஜ்குமாரின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் 'ங்க' குறையவில்லை.

“சரிங்க. நானும் ஒண்ணு காட்டறேன்.” மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். “அடுத்த செமஸ்டர்ல இருந்து உங்க பாடத்தை எடுத்துட்டு, அந்த எடத்துல கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ். ஆறு மாசமா நான் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கறேன், கிருபாவுக்காக. இன்னைக்குச் சாயந்திரம் போட்டாலும் போடுவேனுங்க. நானும் படிக்காமப் போட்டுருவேன், உங்களாட்ட.”

சண்முகப்பிரியா எழுந்துகொண்டாள். கதவை அறைந்து சாத்தலாம் என்றால் அது தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் கதவு. அந்தத் திருப்திகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

இனியா பன்னிரண்டரைக்கு வந்தாள். ஒல்லியான பெண். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் செருகியிருந்தாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

“உக்காரு இனியா.”

“இருக்கட்டுமுங்க மேடம்.”

“உங்கம்மா எங்க தோட்டத்துல வேலை செய்யறாங்கன்னு ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

“சொல்லியிருந்தா வேற தோப்பைப் பத்தி எழுதுன்னு சொல்லியிருப்பீங்க.”

இல்லை என்று மறுக்க வாயெடுத்தாள் சண்முகப்பிரியா. பொய் சொல்ல வரவில்லை.

“நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? அந்தக் கொட்டகைச் சுவத்துல அலுமினிய டம்ளரைப் பாத்து எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? காந்திபுரத்துல இருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக் கப் வாங்கிட்டுப் போனது நான்தான்.”

“தெரியுமுங்க. கிளாஸ்ல சொன்னீங்க. கை தட்டுனாங்க. நானும் தட்டுனேனுங்க.”

“அப்பறம் ஏன்?”

“அன்னைக்கு ராத்திரி போன்ல அம்மாகிட்ட இதைச் சொன்னேன். எங்க மேடம் தனி டம்ளரை ஒழிச்சிட்டாங்களாம்மான்னு. எந்த ஊருன்னு கேட்டாங்க. ஆனைமலைப் பக்கமாம்னேன். அம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அதுக்கப்பறம்தானுங்க எழுதோணும்னு தோணுச்சு.”

முகத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பூவாத்தாள் சிரிப்பாள் என்பதே சண்முகப்பிரியாவுக்குத் தெரியாது. தோட்டத்தில் அவள் சிரித்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

வெட்கம் முதலில் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“சரி, எழுதிட்டே. இப்ப என்ன ஆச்சு பாரு. சாயந்திரத்துக்குள்ள அந்தப் பக்கத்தை எடுக்கலைன்னா உங்கம்மா அப்பா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். எங்கத்தை சொல்லிட்டாங்க. பேசாம எடுத்துரலாம் இனியா. மார்க்குல கை வெக்க மாட்டேன். உங்கம்மா வேலைக்காகத்தான் சொல்றேன்.”

“எங்கம்மா வேலைக்காகவா, உங்க மானத்துக்காகவாங்க மேடம்?”

ஜெனரேட்டர் அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது. கேள்வி அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேஜை ரசாக் சார் தலையை நிமிர்த்தாமல் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

சண்முகப்பிரியாவுக்குக் கண் கலங்கியது. இனியாவுக்குக் கலங்கவில்லை.

“அம்மா வேலையைப் பத்தி அம்மாகிட்டக் கேட்டீங்களா மேடம்?”

“இல்லை.”

“எல்லாரும் எங்கம்மாவுக்கு நல்லது பண்றீங்க. யாருமே அவங்களைக் கேக்க மாட்டீங்களா? நான் கேட்டுட்டு வாரேனுங்க.”

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். 'போகட்டுமா மேடம்' என்று அவள் கேட்காமல் போனது அந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

செமினார் ஹாலில் நீல வெல்வெட் விரித்த மேஜை. அதன் மேல் பன்னிரண்டு அறிக்கைகள். மூன்றாவதாக இனியாவினுடையது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இனியா இன்னும் வரவில்லை. சண்முகப்பிரியா உள்ளே நுழையும்போது கிருபாசங்கர் அந்த மேஜையருகே நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

“உன்னால முடியாது பிரியா. நான் செஞ்சுபோட்டேன். அம்மாவுக்கும் சொல்லிப்போட்டேன். விடு.”

“எடுங்க அதை.”

“வெளிய ஆள் வருது. கத்தாத.”

அவன் போய்விட்டான். அறிக்கையைத் திறந்து பார்த்தாள். பதினாறு. அடுத்தது பதினெட்டு. நடுவில், சுருள் கம்பியில், கிழித்ததன் ஓரத் துணுக்குகள் சிக்கிக் கிடந்தன.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தான் செய்யவில்லை, ஆனால் காரியம் முடிந்துவிட்டது. பூவாத்தாளுக்கு வேலை இருக்கும், பாடமும் இருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட மறு நிமிடம் அந்த மூச்சை நினைத்தே அவளுக்கு அருவருப்பாகிவிட்டது.

குழுவில் மூன்று பேர். மனோஜ்குமார் குனிந்து குனிந்து கூட்டி வந்தார். இரண்டு பேர் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாவது ஒரு அம்மாள். குட்டையாக வெட்டிய நரைமுடி, பருத்திப் புடவை. டெல்லியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்று குறிப்பில் போட்டிருந்தது. மேஜை முன்னால் நின்று, மூன்றாவது அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார்.

“பதினேழு எங்கே?” என்று தமிழில் கேட்டார்.

மனோஜ்குமாரின் முகத்தில் ஈயாடவில்லை. “மேடம் தமிழுங்களா?”

“தூத்துக்குடி. பதினேழு எங்கே?”

“பைண்டிங் மிஸ்டேக்குங்க மேடம். பசங்க அவசரத்துல...”

“பைண்டிங் மிஸ்டேக்கில் ஓரம் கிழிந்து கம்பியில் மாட்டிக்கொண்டிருக்குமா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான். மனோஜ்குமார் சண்முகப்பிரியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இழுப்பறை ஃபைல் இருந்தது.

“கிழிச்சதுங்க மேடம்” என்றாள் சண்முகப்பிரியா.

“யார்?”

“என்னைக் காப்பாத்தறதுக்காகக் கிழிச்சாங்க. அதுல இருந்ததை நான் சொல்றேனுங்க. மனப்பாடமா இருக்குது.”

சொன்னாள். தோப்பு எண் 21, பதினெட்டு ஏக்கர், பதினொரு பேர் என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. 'அவங்க டம்ளரைக் குடுன்னு சொல்லலை' என்று முடித்தபோது, படம் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரும், மொழி புரியாவிட்டாலும், திரும்பிப் பார்த்தார்கள்.

“இந்த மருமகள் யார் என்று மாணவி குறிப்பிட்டிருக்கிறாளா?”

“சாம்பிள் டேட்டாங்க மேடம்” என்று குறுக்கே விழுந்தார் மனோஜ்குமார். “பாதி கற்பனை. பசங்க...”

“கற்பனை இல்லீங்க. அந்த மருமக நான்தானுங்க. அந்தப் பக்கத்துக்கு அடியில கையெழுத்துப் போட்டதும் நான்தான். படிக்காமப் போட்டேன்.”

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாராட்டவில்லை. 'என்ன தைரியம்' என்று வியக்கவும் இல்லை.

“நூற்று நாற்பது பேரை ஊருக்கு அனுப்பி உண்மையை எழுதி வரச் சொல்லிவிட்டு, வந்ததைப் படிக்கவில்லை என்கிறீர்கள்.”

“ஆமாங்க.”

அவர் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதினார். நீளமாகவே எழுதினார். என்ன எழுதினார் என்று மனோஜ்குமாரும் எட்டிப் பார்த்தார், தெரியவில்லை. பிறகு மூவரும் அடுத்த லேபுக்குப் போய்விட்டார்கள். போகும்போது மனோஜ்குமார் திரும்பி, “சந்தோசமுங்க மேடம், ரொம்பச் சந்தோசம்” என்றார். அதைவிடப் பெரிய வசவு அந்த ஊரில் கிடையாது.

சண்முகப்பிரியா நாற்காலியில் சரிந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டாள். சரி. அதற்கு விலை கொடுக்கப்போவது பூவாத்தாள். இது இப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகுதான், அவளுக்கு முழுசாக உறைத்தது. போனை எடுத்து மாமியாருக்கு அடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. எடுக்கவில்லை.

நிமிர்ந்தால் வாசலில் இனியா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“கேட்டியா?”

“கேட்டேனுங்க. கடைசியில நீங்க பேசுனதை.”

“உங்கம்மாவுக்கு வேலை போயிருச்சு இனியா. என்னாலதான். நான் அத்தைகிட்டப் பேசறேன், கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“அவங்க இப்பப் போன் எடுக்க மாட்டாங்க மேடம். கார்ல வந்துட்டிருக்கறாங்க. எங்கம்மாவைக் கூட்டிட்டு.”

சண்முகப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள்.

“எங்க?”

“இங்கதானுங்க, டீன் சாரைப் பாக்க. காகிதத்தைக் கிழிச்சாலும் பேச்சு நிக்காதுன்னு, எங்கம்மாவை நேர்ல நிறுத்தி, நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை, எம்புள்ளை தானா எழுதிப்போட்டான்னு சொல்ல வெக்கப் போறாங்களாம். இருவது வருசத்துல மொதத் தடவையா அவங்க கார்ல ஏத்தியிருக்கறாங்க. கிணத்துக்கடவு பங்க்ல டீசல் போட நிறுத்துனப்ப எறங்கி வந்து அம்மா எனக்குப் போன்ல பேசுனாங்க.”

“என்ன சொன்னாங்க? பயந்துட்டாங்களா?”

“கோவமா இருக்கறாங்க.”

“எம்மேலயா?”

“எம்மேலங்க.”

அதுவரைக்கும் கலங்காத பெண்ணின் கண் இப்போதுதான் கலங்கியது.

“யாருகிட்ட விவரம் வாங்கினமோ அவங்களுக்கே திருப்பிப் படிச்சுக் காட்டோணும்னு சொன்னீங்கல்ல மேடம்? நான் காட்டலை. பயம். இன்னைக்குத்தான் போன்ல அந்தப் பக்கத்தைப் படிச்சேன். பொறுமையாக் கேட்டாங்க. பெண் தொழிலாளி, வயது நாப்பத்தாறுன்னு வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அது யாருன்னு கேட்டாங்க. நீதாம்மா, உனக்குப் பிரச்சினை வரக் கூடாதுன்னு பேரை மறைச்சு எழுதியிருக்கறேன்னேன்.”

“அதுக்கு?”

“‘தப்புப் பண்ணவங்கதான் பேரை மறைப்பாங்க. நான் என்ன கண்ணு தப்புப் பண்ணுனேன்?'ன்னு கேட்டாங்க.”

கீழே, மெயின் கேட்டில், செக்யூரிட்டியின் விசில் சத்தம் கேட்டது. இனியா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஆனைமலைத் தோட்டத்து வெள்ளைக் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா தன் பேரைச் சொல்லத்தானுங்க மேடம் வாராங்க.”